உப்புக்காற்று ஊரில் ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகள்

வடசென்னையின் திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், மின்விசிறியின் திருகு எல்லாவற்றிலும் அது கைவைக்கிறது. கணினிக்குள் இருக்கும் விசிறி அந்தக் காற்றைத்தான் நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே உள்ள பகுதியோடு அதை இணைக்கும் தொடுமுனைகள் கறுத்துப்போய் இருக்கும். சிலவற்றில் பச்சை பூத்திருக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை உண்டு. அதன் உள்ளே இருக்கும் வடிகட்டி தூசியைத் தடுக்கும். ஈரத்தை முழுவதும் தடுக்காது.

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஐந்து மேசைக்கணினிகள். எல்லாம் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய இயந்திரங்கள், ரிச்சி தெருவில் வாங்கியவை. அண்ணன் துறைமுகச் சரக்குக் கணக்கு பார்ப்பவர். அண்ணி வீட்டிலிருந்தே தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறார். மற்றவை பிள்ளைகளின் படிப்புக்கும் அப்பாவின் செய்தி வாசிப்புக்கும். இவற்றில் எது எப்போது டிஸ்க் கோளாறால் நின்றாலும் வீட்டில் யாரோ ஒருவருடைய வேலை போய்விடும். ஐந்து டிஸ்க்குகளுக்கும் தனித்தனியே காப்புப்பிரதி எடுப்பது காகிதத்தில் எளிது. நடைமுறையில் யாரும் செய்வதில்லை. ஆகவே டிஸ்க்கையே எல்லாக் கணினிகளிலிருந்தும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரே ஒரு கோப்பு சர்வர் வைத்து, மற்றவற்றை அதிலிருந்தே துவக்கும் ஏற்பாட்டுக்கு மாறினேன். காப்பாற்ற வேண்டியது ஒரே இடத்தில் இருந்தால் அதை நன்றாகக் காப்பாற்றலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுக்கணக்கில் இப்படி ஓட்டிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது.

இது புதிய யோசனையும் அல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் என்.எஃப்.எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தபோது, டிஸ்க் இல்லாத பணிநிலையங்களை அதன்வழி இயக்குவது அதன் முக்கியப் பயன்களில் ஒன்றாக இருந்தது. அன்று டிஸ்க்கின் விலை அப்படி. பிறகு 1990களின் இறுதியில் இன்டெல் வகுத்த, கணினியை நெட்வொர்க் வழியாகத் துவக்கும் பி.எக்ஸ்.இ என்ற முறை சாதாரண நெட்வொர்க் அட்டைகளிலும் இடம்பெற்றது. இன்று ரிச்சி தெருவில் கிடைக்கும் எந்தப் பழைய அலுவலகக் கணினியின் பயாஸிலும் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அமைப்பு நிரல்) ‘நெட்வொர்க் பூட்’ என்ற வரி இருக்கும். அதைத்தான் நாம் பயன்படுத்தப் போகிறோம்.

நடப்பது இதுதான். கணினியை இயக்கியதும் அதன் நெட்வொர்க் அட்டை, ‘எனக்கு ஒரு முகவரி வேண்டும், துவங்க ஒரு கோப்பும் வேண்டும்’ என்று வலையமைப்பில் கேட்கிறது. முகவரியும் கோப்பின் பெயரும் கிடைத்ததும், டி.எஃப்.டி.பி என்ற மிக எளிய நெறிமுறையின் மூலம் அந்தச் சிறு கோப்பை இறக்கிக்கொள்கிறது. அந்தச் சிறு கோப்பு என் வீட்டில் ஐ.பி.எக்ஸ்.இ என்ற துவக்க நிரல். அது ஓடத் தொடங்கியதும் லினக்ஸின் மைய நிரலான கெர்னலையும், அது எழத் தேவையானவை அடங்கிய தொடக்க நினைவகப் படிமத்தையும், இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் அதே எச்.டி.டி.பி வழியாக எடுக்கிறது. பெரிய கோப்புகளை டி.எஃப்.டி.பி-யில் எடுக்காமல் இருப்பது நல்லது. அது ஒரு துண்டை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். வழக்கமான துண்டு வெறும் 512 பைட். கெர்னல் எழுந்த பிறகு சர்வரில் உள்ள கோப்புத் தொகுதியை என்.எஃப்.எஸ் வழியாகத் தன் மூலக் கோப்புறையாக ஏற்றிக்கொள்கிறது, அதாவது தன் சொந்த டிஸ்க்கில் இருப்பதுபோல இணைத்துக்கொள்கிறது. அதற்குமேல் அது வழக்கமான ஒரு லினக்ஸ் கணினிதான்.

முதலில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ரவுட்டர். இணையச் சேவை தருபவர்கள் வைத்துவிட்டுப் போகும் பெட்டி முகவரி கொடுக்கும். துவக்கக் கோப்பின் பெயரைச் சொல்ல அதில் பெரும்பாலும் இடமே இருக்காது. அதற்காக அதன் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு சர்வரிடம் கொடுத்தால், சர்வர் நின்ற நாளில் வீட்டில் இருக்கும் கைப்பேசிகளுக்கும் இணையம் போய்விடும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலில் ‘பிராக்ஸி’ நிலை ஒன்று உண்டு. முகவரியை ரவுட்டரே கொடுக்கும். துவக்கத் தகவலை மட்டும் சர்வர் கொடுக்கும். இரண்டும் சண்டையில்லாமல் நடக்கும். வீட்டுக்கு இதுவே சரியான வழி. ரவுட்டர் பழுதாகி வேறு பெட்டி வந்தாலும், அது பழைய முகவரிகளையே கொடுத்தால் சர்வரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கேபிளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் கேபிள்தான் டிஸ்க்கின் இடத்தில் இருக்கிறது. நூறு மெகாபிட் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டு மெகாபைட்டுக்கு மேல் வராது. ஜிகாபிட் இணைப்பில் நூற்றுப் பத்து மெகாபைட் வரை நடைமுறையில் கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றின் வேகத்துக்கு அது குறைவில்லை. மேசைத் திரை வருவதற்குள் சில நூறு மெகாபைட் படிக்கப்படுவதால், நூறு மெகாபிட்டில் துவங்கும் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமை போய்விடும். ஜிகாபிட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும், அதாவது எட்டுக் கம்பிகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு கம்பி தளர்ந்தாலும் கணினியும், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடலாம். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. ‘எத்டூல்’ கட்டளை வேகத்தைக் காட்டும். ஒரு கணினி மட்டும் மந்தமாக இருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிளில் பெரும்பகுதி அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியது. கத்தியால் கம்பியின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், முழுச் செம்பு தெளிவாகக் கனக்கும். நெட்வொர்க் கேபிளுக்கான கேட் 5ஈ, கேட் 6 தரநிலைகள் கேட்பது முழுச் செம்பு. பெட்டியின்மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் அலுமினியக் கம்பி அந்தத் தரத்தில் சேராது. வறண்ட ஊரில் அது சில காலம் தாக்குப்பிடிக்கலாம். எங்கள் பக்கத்தில் முனையில் செம்புப் பூச்சு உரிந்த இடத்தில் ஈரமும் உப்பும் பட்டதும் கம்பி மாவாகிவிடுகிறது. சர்வரில் மிச்சம் பிடியுங்கள், சுவிட்சில் மிச்சம் பிடியுங்கள், கேபிளில் பிடிக்காதீர்கள். மின்சாரக் கம்பி போகும் குழாயில் இதை நுழைக்காமல் தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் எந்த அறை என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

வைஃபையில் இது நடக்காது. துவக்கத்துக்குத் தேவையான பி.எக்ஸ்.இ கம்பி இணைப்பை நம்பியது. மடிக்கணினிகளை இதிலிருந்து ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, ஐந்து கணினிகளும் சர்வரில் உள்ள அந்த ஒரே இயங்குதளத் தொகுதியை, அதாவது மூலப்படியைப் படிக்கும்போது யார் அதில் எழுதுவது? யாரும் எழுதக்கூடாது. மூலப்படி படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றப்படுகிறது. அதன்மேல் ஓவர்லே என்ற அடுக்கு விரிக்கப்படுகிறது. 2014 டிசம்பரில் வெளிவந்த 3.18 கெர்னலிலிருந்து லினக்ஸிலேயே இது இருக்கிறது. கணினி தன் இயங்குதளக் கோப்புகளில் எதை மாற்றினாலும் அது அந்த அடுக்கில், அதாவது அந்தக் கணினியின் ராமில் போய் உட்காரும். அணைத்தால் மறைந்துவிடும். அடுத்த முறை இயக்கும்போது கணினி நேற்று இருந்த அதே சுத்தமான நிலையில் எழும். சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டுக் கோப்புறை மட்டும் சர்வரில் எழுதத்தக்கதாகத் தனியே ஏற்றப்படுகிறது.

இதனால் ராமின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். நான்கு ஜிகாபைட்டில் ஓடும். எட்டு இருந்தால் நிம்மதி. உலாவியின் தற்காலிகச் சேமிப்பு வீட்டுக் கோப்புறைக்குள் இருந்தால் ஓயாமல் சர்வருக்கு எழுதிக்கொண்டே இருக்கும். அதை ராமுக்கு மாற்றி, அளவுக்கு ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள். இயங்குதளம் எழுதும் பதிவுக் குறிப்புகளையும் ராமில் சிறு வரம்போடு வையுங்கள். ராம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் ஸ்வாப் இடத்தை நெட்வொர்க் வழியாக வைக்க வேண்டாம். நினைவகம் நெருக்கடியில் இருக்கும்போது நெட்வொர்க்குக்கும் நினைவகம் தேவைப்படும். இரண்டும் ஒன்றையொன்று காத்து நின்றுவிடலாம். நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஜீ-ராம் முறை இங்கே நன்றாக உதவுகிறது.

ஒரே மூலப்படி என்பதால் வரும் இன்னொரு நுணுக்கமான சிக்கல் அடையாளம். லினக்ஸில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ‘மெஷின் ஐடி’ கோப்பு உண்டு. மூலப்படியில் அது நிரப்பப்பட்டிருந்தால் ஐந்து கணினிகளும் தாங்கள் ஒரே ஆள் என்று அறிவிக்கும். சில அமைப்புகளில் அந்த எண்ணை வைத்தே முகவரி கேட்கப்படுவதால், இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி போய் இரண்டும் தடுமாறும். காரணம் எளிதில் பிடிபடாத கோளாறு இது. மூலப்படியில் அந்தக் கோப்பைக் காலியாக விட்டால் ஒவ்வொரு கணினியும் எழும்போது தனக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். நெட்வொர்க்மேனேஜர் போன்ற நிரல் துவக்க இணைப்பைத் தொடவும் விடாதீர்கள். ‘இணைப்பைச் சீர்செய்கிறேன்’ என்று அது ஒரு நொடி இணைப்பைத் துண்டித்தால் கணினி நிற்கும் தரையே போய்விடும். திரை அப்படியே உறைந்துவிடும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது மேம்படுத்தும் முறை. ஓடிக்கொண்டிருக்கும் மூலப்படியில் கை வைப்பதில்லை. வைத்தால், பயன்பாட்டில் இருக்கும் கோப்பு அடியிலிருந்து மாறிப்போய் ‘பழைய கோப்புப் பிடி’ என்ற பிழையோடு நிரல்கள் விழும். சர்வரில் மூலப்படியின் பிரதி ஒன்றை எடுத்து, அதில் புதிய தொகுப்புகளை நிறுவி, என் கணினியை மட்டும் அதிலிருந்து துவக்கிப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் துவக்கக் கோப்பில் ஒரு பெயரை மாற்றுகிறேன். மறுநாள் காலை எல்லாக் கணினிகளும் புதியதில் எழும். ஏதாவது பிசகினால் பழைய பெயரைத் திரும்ப எழுதினால் போதும். புதிய கெர்னல் வரும்போது, பழைய நெட்வொர்க் அட்டைகளை இயக்கும் டிரைவர் நிரல்கள் தொடக்கப் படிமத்துக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அவை இல்லாத கெர்னல் எழும், ஆனால் சர்வர் எங்கே என்று தெரியாமல் பாதியில் நிற்கும்.

அண்ணிக்குத் தமிழ்99 விசைப்பலகையும் அவர் வேலைக்கு வேண்டிய எழுத்துருக்களும் தேவைப்பட்டன. மூலப்படியில் நிறுவினேன்; வீட்டில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருக்கு அதே விசைப்பலகை, அதே எழுத்துரு, அவர் பாதியில் விட்ட அதே கோப்பு. அவருடைய கணினியின் மின்வழங்கி ஒரு மாலை எரிந்துபோனபோது பக்கத்து அறைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். அச்சுப்பொறியும் அப்படித்தான், ஒரு முறை அமைத்தால் போதும். இவையெல்லாம் சரியாக நடக்கப் பயனர் எண்கள் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். என்.எஃப்.எஸ் கோப்பின் உரிமையாளரை எண்ணால்தான் அறிகிறது, பெயரால் அல்ல. ஒருவரே இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் உள்நுழைந்தால் இரண்டாவதில் உலாவி திறக்க மறுக்கும். சுயவிவரத்தைப் பூட்டி வைத்திருப்பது அதன் பாதுகாப்புக்குத்தான். பூட்டை உடைக்க வழி தேட வேண்டாம்.

மின்சாரம் நிற்கும்போது என்ன ஆகும் என்பது எங்கள் பகுதியில் எல்லோரும் கேட்கும் கேள்வி. சர்வருக்கு யு.பி.எஸ் போடுபவர்கள் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். சுவிட்ச் அணைந்தால் சர்வர் உயிரோடு இருந்தும் பயனில்லை. இரண்டையும் ஒரே யு.பி.எஸ்-இல் இணையுங்கள். சர்வர் நின்றுபோனால், சரியாக ஏற்றப்பட்ட கணினிகள் விழுந்துவிடுவதில்லை, காத்திருக்கும். சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். என்.எஃப்.எஸ்-இல் இதற்கு ‘ஹார்ட்’ ஏற்றம் என்று பெயர். ‘சாஃப்ட்’ என்று வைத்தால் காத்திருக்காமல் பிழையைக் கொடுத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான்: திரை உறைந்தால் பட்டனை அழுத்தாதீர்கள், சற்றுப் பொறுங்கள். வீட்டுக் கோப்புறையை ‘சிங்க்’ நிலையில் பகிருங்கள். டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் சர்வர் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும். ‘அசிங்க்’ வேகமாக இருக்கும். மின்சாரம் போன நொடியில், எழுதியதாகச் சொன்னது எழுதப்படாமலே போகும்.

சர்வர் பெரியதாக இருக்கத் தேவையில்லை. என்னுடையதும் பழைய மேசைக்கணினிதான். முதல் கணினி படித்த கோப்பு சர்வரின் ராமில் தங்கிவிடுவதால், மாலையில் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும்போது பின்னால் வருபவருக்கு டிஸ்க்கைத் தொடாமலே கிடைக்கிறது. மூலப்படிக்கு ஒரு எஸ்.எஸ்.டி, வீட்டுக் கோப்புறைகளுக்கு ஒன்றையொன்று நகலெடுக்கும் இரண்டு டிஸ்க்குகள். நாற்பது வாட் எடுக்கும் சர்வர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 58 யூனிட் கூடும். இரவில் அணைத்து வைத்தால் குறையும்.

அதை எங்கே வைப்பது என்பதை வடசென்னைக்காரர்கள் கவனமாக யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் இந்தப் பக்கம் எத்தனை வீடுகளின் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது என்பது நமக்குத் தெரியும். மின்சாரம் வரவும் நாளாயிற்று. சர்வர் மாடியில் இருக்கட்டும். ஆனால் தகரக் கூரைக்கு அடியிலோ பரணிலோ வேண்டாம், சித்திரை வெயில் அதைக் கொன்றுவிடும். கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ப்புறம், உள்சுவரை ஒட்டிய அலமாரி நல்லது. நகலெடுக்கும் இரட்டை டிஸ்க்கைக் காப்புப்பிரதி என்று எண்ண வேண்டாம். ஒரு பிள்ளை கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். வெளிப்புற டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்து மாதவரத்தில் இருக்கும் அத்தை வீட்டில் வைத்திருக்கிறோம். அத்தையைப் பார்க்கப் போகும்போது பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டு வருவோம்.

பாதுகாப்பில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண என்.எஃப்.எஸ், கேட்கும் கணினியை நம்பிவிடும். உங்கள் வலையமைப்பில் நுழைந்த யாரும் தன் கணினியில் உங்கள் பயனர் எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் கோப்புகளைக் கேட்கலாம். விருந்தினர் வைஃபையைத் தனி வலையாகப் பிரித்துவிடுங்கள். பகிர்வை இந்த ஐந்து முகவரிகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். வீட்டுக் கோப்புறைப் பகிர்வில், கேட்கும் கணினியின் நிர்வாகிக்குச் சர்வர் கோப்புகளில் நிர்வாகி உரிமை தராமல் தடுக்கும் ‘ரூட் ஸ்குவாஷ்’ அமைப்பை எடுத்துவிடாதீர்கள்.

எங்கள் தெருவில் டியூஷன் நடத்தும் டீச்சர் இதைப் பார்த்துவிட்டுத் தன் மையத்துக்கும் கேட்டார். “தம்பி, பசங்க எதையாவது மாற்றி வைத்துவிட்டால் நான் உங்களைத்தானே கூப்பிட வேண்டும்?” என்றார். “அணைத்துவிட்டுப் போடுங்கள் டீச்சர், மாற்றியது எதுவும் இருக்காது” என்றேன். அவருக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. அவருடைய இடத்துக்கு நான் கையால் கட்டவில்லை, இதே ஏற்பாட்டுக்கென்று இருக்கும் எல்.டி.எஸ்.பி என்ற மென்பொருள் தொகுப்பைப் பயன்படுத்தினேன். 1999-இல் தொடங்கிய திட்டம் அது. 2019-இல் புதிதாக எழுதப்பட்டது. மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடுகிறது. லினக்ஸ் நிர்வாகத்தில் பழக்கமில்லாதவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். எனக்கு ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதனால் வீட்டில் கையால் கட்டினேன்.

விண்டோஸ் கட்டாயம் தேவைப்படுபவர்களுக்கு சர்வரில் உள்ள டிஸ்க்கை நெட்வொர்க் வழியாகச் சொந்த டிஸ்க்போலக் காட்டும் ஐஸ்கஸி முறையில் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் தனி டிஸ்க் படிமம் வேண்டும், உரிமமும் வேண்டும். ஒரே மூலப்படியின் எளிமை அங்கே கிடைக்காது. காணொளித் தொகுப்பு செய்பவர்களும் பெரிய விளையாட்டுகள் ஆடுபவர்களும் தங்கள் கணினியில் டிஸ்க்கை வைத்துக்கொள்வதே நல்லது.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். சர்வரை அமைத்துவிட்டு, ஒரு கணினியில் மட்டும் டிஸ்க்கின் தரவுக் கம்பியை உருவி வையுங்கள். டிஸ்க் அதன் இடத்திலேயே இருக்கட்டும். புதிய இயந்திரமாக இருந்தால் பயாஸில், கையொப்பமில்லாத துவக்க நிரல்களைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைத்து, நெட்வொர்க் பூட்டை முதல் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பழைய பயாஸ் முறைக்கும் அதன் இடத்தில் வந்த யு.இ.எஃப்.ஐ முறைக்கும் வேறு வேறு துவக்கக் கோப்புகள் வேண்டும் என்பதால் இரண்டையும் சர்வரில் வைத்திருங்கள். அந்த ஒரு கணினியை வீட்டில் அதிகம் பயன்படுத்துபவரிடம் கொடுங்கள். ஒரு மாதம் அவர் குறை சொல்லாமல் இருந்தால் அடுத்த கணினிக்குப் போகலாம்.